திருப்பூரிலிருந்து திரும்பிய பையனும் உங்கள் மந்தநிலைக் கட்டுரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டுக்கோட்டையில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன், இருபத்தைந்து வருடம் தாண்டிவிட்டது. பேப்பருக்கு இதற்கு முன் எழுதிப் பழக்கமில்லை. பொருளாதார மந்தத்தில் தொழில் வாய்ப்பைக் கண்டுபிடிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்ததே, அதுதான் எழுத வைத்தது. அதையும் நானாகத் தேடிப் படிக்கவில்லை. எங்கள் தெருப் பையன் ஒருவன் அதைக் கத்தரித்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தான். திருப்பூரில் ஒன்பது வருடம் பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்தவன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் அவன் கம்பெனியில் ஆர்டர் குறைந்து, ஷிப்டு குறைந்து, தீபாவளிக்கு ஊருக்கு வந்தவனை அப்புறம் கூப்பிடவே இல்லை. "மாமா, இதுல போட்டிருக்க மாதிரி நானும் ஒண்ணு ஆரம்பிக்கலாமா?" என்று பேப்பரை நீட்டினான். கையில் எண்பதாயிரம் ரூபாய் இருக்கிறதாம். டீசர்ட்டில் படம் அச்சடித்து ஆன்லைனில் விற்கப் போகிறானாம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தேன். ஏர்பிஎன்பி 2008, ஊபர் 2009, வாட்ஸ்அப் 2009, எல்லாமே மந்தத்தில் பிறந்தவை, அதனால் நீங்களும் துணிந்து இறங்குங்கள் என்கிறது கட்டுரை. வருடமெல்லாம் சரிதான். ஆனால் அதே வருடங்களில் திறந்து அதே வருடங்களில் ஷட்டரை இறக்கின கடைகளை யார் கணக்கு எடுத்தது? ஜெயித்த மூன்று பேரை மட்டும் நிறுத்திப் படம் பிடித்தால் எல்லாக் காலமும் நல்ல காலமாகத்தான் தெரியும். அந்த மூன்று பேருக்கும் பின்னால் பணம் போட ஆள் இருந்தது. இந்தப் பையனுக்குப் பின்னால் அவன் அம்மாவின் தோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதே இல்லை. 1906 அக்டோபரில் மெட்ராசில் அர்பத்நாட் கம்பெனி என்கிற பேங்க் மஞ்சள் கடிதாசி கொடுத்தது, எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அதோடு போயிற்று, முதலாளி ஜெயிலுக்குப் போனார். வெள்ளைக்காரன் கம்பெனியை நம்பினது போதும், பணத்தைப் போட்டு வைக்க நமக்கென்று ஒரு இடம் வேண்டும் என்று கிளம்பியவர்களில் முன்னால் நின்றவர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், நம்ம திருவிடைமருதூர்க்காரர். அடுத்த வருடமே, 1907 ஆகஸ்ட் 15-ல், இந்தியன் வங்கி வந்தது. ஜனங்கள் பணம் போடுவதை நிறுத்தவில்லை, போட இடம் இல்லாமல் நின்றார்கள். அந்த இடத்தைத்தான் அவர் பார்த்தார். ஆனால் அதுவும் பெரிய மனிதர்கள் சேர்ந்து செய்த காரியம். 1930-களில் நெல் விலை பாதாளத்துக்குப் போன சமயத்தில்தான் மேட்டூர் அணை கட்டி முடிந்து 1934-ல் திறந்தார்கள், அதோடு புது ஆறு என்று நாங்கள் சொல்கிற கல்லணைக் கால்வாயும் எங்கள் பக்கம் வந்தது, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று வானம் பார்த்த பூமியெல்லாம் வயலாயிற்று. அது சர்க்கார் செய்தது. எண்பதாயிரம் வைத்திருக்கிறவன் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அதற்குக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

டெல்டாவில் இருக்கிறவனுக்கு மந்தம் என்பது டிவியில் பார்க்கிற விஷயம் இல்லை. எங்களுக்கு அது மேட்டூரில் தொடங்கும். ஜூன் 12-ல் திறக்க வேண்டிய அணை 2012-லிருந்து 2019 வரை எட்டு வருடம் தொடர்ந்து அந்தத் தேதியைத் தவறவிட்டது. எட்டு வருடமும் கடைத்தெருவுக்கு அரை வருடக் கணக்குத்தான். குறுவை இல்லையென்றால் ஐப்பசியில் காசு இல்லை, தை மாசி வரைக்கும் எல்லாரும் "அறுத்துட்டுத் தர்றேன்" பேர்வழிகள். இன்னொரு பக்கம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் எல்லாம் வெளிநாட்டுக் காசு புழங்குகிற ஊர்கள். துபாயில் தும்மினால் இங்கே சளி பிடிக்கும் என்று நாங்கள் கடையில் பேசிக்கொள்வோம். 2009-ல் துபாய் தடுமாறியபோது இந்தப் பக்கம் எத்தனை வீடுகள் தளம் போடாமல் கம்பி நீட்டிக்கொண்டு நின்றன என்று நடந்து போனாலே தெரியும். அப்புறம் தேங்காய் விலை. அது விழுந்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணி இரண்டும் சேர்ந்து படுத்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் மோசம் 2016 கடைசி. மழை இல்லை, ஆற்றில் தண்ணீர் இல்லை, அந்த நவம்பரில்தான் 500, 1000 நோட்டு செல்லாது என்றார்கள். செல்லாத நோட்டைக் கூட்டுறவு வங்கியில் வாங்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள், விவசாயிக்கு இருக்கிற ஒரே வங்கி அதுதான். ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அரசே அறிவித்தது. எல்லாரும் என்னைப் பார்த்து, உன் கடையும் காலி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நடந்தது வேறு. புது மோட்டார் விற்கிறவர்கள் ஈ ஓட்டினார்கள், என் கடையில் மோட்டார் அடுக்க இடமில்லை. போர்வெல்லில் தண்ணீர் கீழே போய்விட்டது, மோட்டார் மூச்சிரைத்து ஓடுகிறது, மூணு பேஸ் கரண்டு வருகிற நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் போடுகிறார்கள், வோல்டேஜ் இறங்குகிறது, காயில் எரிகிறது. நல்ல வருடமாக இருந்தால் "பழசைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கிடலாம்" என்கிற ஆள், அந்த வருடம் எரிந்த மோட்டாரைச் சாக்கில் சுற்றி டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் வைத்துக்கொண்டு வந்து, "எப்படியாச்சும் ஓட வைங்க" என்று உட்கார்ந்துகொண்டார். காயில் சுற்றியிருக்கிற ஸ்டேட்டரைத் திறந்தால் கடை முழுக்க வார்னிஷ் கருகின நாற்றம். எரிந்த காயிலை உளி வைத்து வெட்டி எடுத்து, அந்தப் பழைய செம்பை எடை போட்டு பில்லில் கழிப்போம். அந்த வருடம் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றவர்கள் அதிகம். காசு இல்லாத ஒருவர் இருநூறு தேங்காயை டிரைசைக்கிளில் ஏற்றி அனுப்பினார். வாங்கிக்கொண்டேன். அதைக் கமிஷன் மண்டியில் தள்ளி வார்னிஷ் வாங்கினேன்.

அன்றைக்குப் புரிந்தது இதுதான். கையில் காசு குறைந்தால் ஜனங்கள் தண்ணீர் இறைப்பதை நிறுத்த மாட்டார்கள், மாவு அரைப்பதை நிறுத்த மாட்டார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்த மாட்டார்கள். புதுசு வாங்குவதைத்தான் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட்ட அந்த நாள் வரைக்கும் பழசு ஓட வேண்டுமே, அதை ஓட வைக்கிறவனுக்கு வேலை உண்டு. பெரிசாக வாங்கினவர்கள் சின்னதாக வாங்குவார்கள். ஷாம்பூவைப் பாட்டிலில் வாங்க முடியாதவனுக்குப் பாக்கெட்டில் போட்டுக் கொடுக்கலாம் என்று கண்டுபிடித்தது எந்த அமெரிக்காக்காரனும் இல்லை, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். எங்கள் தெருக்கோடியில் ஒரு அம்மா இட்லி மாவு விற்கிறார். ஹோட்டலில் கூட்டம் குறையக் குறைய அவர் வீட்டு வாசலில் சாயங்காலம் தூக்குவாளி வரிசை நீளும். அவரிடம் பத்து ரூபாய்க்கும் மாவு கிடைக்கும், அதுதான் ரகசியம். பெரிய கடையில் பத்து ரூபாய்க்குக் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

என்னை ஏதோ கெட்டிக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். 2008-ல் நான் வசமாக அடி வாங்கினவன். அந்த ஆடி மாதம் செம்பு விலை ஏறிக்கொண்டே போனது, இன்னும் ஏறும், சீசனுக்குக் கம்பி கிடைக்காது என்று ஏஜெண்டு சொன்னதை நம்பி வீட்டு நகையை வைத்துக் காயில் கம்பி வாங்கிப் போட்டேன். ஜூலையில் லண்டன் சந்தையில் டன் 8,000 டாலருக்கு மேல் விற்ற செம்பு டிசம்பரில் 3,000 டாலர் பக்கம் வந்துவிட்டது. செப்டம்பர் 15-ல் நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் திவாலானதற்கும் பட்டுக்கோட்டையில் என் பரண்மேல் இருந்த கம்பிச் சுருளுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது தெரியாது, தெரிந்துகொண்டேன். அந்த மார்கழியில்தான் பக்கத்திலேயே ஒரு இளைஞன் புதுசாகக் காயில் கடை போட்டான். அவன் கம்பி இறங்கின விலைக்கு வாங்கினது, என் கம்பி ஏறின விலைக்கு வாங்கினது. நான் சொல்கிற கூலியைவிடக் கணிசமாகக் குறைத்துச் சொன்னான், அவனுக்குக் கட்டுப்படியும் ஆயிற்று. வயிறு எரிந்ததே தவிர அவன்மேல் தப்பு ஒன்றுமில்லை. (இன்றைக்கு அவனும் நானும் சேர்ந்துதான் பேரிங் ஆர்டர் போடுகிறோம்.)

அந்தக் கட்டுரை சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். மந்தத்தில் புதிதாக வருகிறவனிடம் ஏறின விலைக்கு வாங்கிப் போட்ட பழைய சரக்கு இல்லை. கடை அட்வான்சைப் பேசிக் குறைக்கலாம். நல்ல நாளில் மூன்று லட்சம் கேட்கிற இடத்துக்காரர், ஆறு மாதம் பூட்டிக்கிடந்தால் "நீங்களே ஒரு தொகை சொல்லுங்க தம்பி" என்பார். மூடின கடையின் மெஷின், ரேக், கண்ணாடிப் பெட்டி எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கும். வேலை தெரிந்த ஆள் கிடைப்பார். துபாயிலிருந்து திரும்பின ஏசி மெக்கானிக் ஒருவர் என் கடையில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி பிரிட்ஜ் ரிப்பேர் தொடங்கினார், ஒரு வருடத்தில் தனிக்கடை போய்விட்டார். அதனால் சரக்கு குவிக்கிற தொழிலைவிடக் கைவேலைத் தொழில்தான் அந்தச் சமயத்துக்குத் தோது. இது என் அனுபவம், மளிகைக்காரர் வேறு சொல்லலாம்.

வாய்ப்பு என்ற வார்த்தையைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் பயமும் உண்டு. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் அடித்தது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு எல்லாம் தலைகீழ். கரண்டு வர எங்கள் பகுதியில் வாரக்கணக்கில் ஆயிற்று. வீட்டுக்கு வீடு மேல்தொட்டி இருக்கிறது, ஏற்ற மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவன்தான் ராஜா. தொட்டி நிரப்ப இவ்வளவு, செல்போன் சார்ஜ் போட இவ்வளவு என்று வாய்க்கு வந்ததைக் கேட்டவர்கள் உண்டு. என்னிடம் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. டீசலும் ஆள் கூலியும் அதற்குமேல் கொஞ்சமும்தான் வாங்கினேன், கொஞ்சம் வாங்கினதை மறைக்கவில்லை. அப்படிக் கொள்ளையடித்த ஒருவர் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை, அந்தக் காசில் மாடி எடுத்தார், ஊரும் மறந்துவிட்டது. நான் மறக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் கட்டுரையில் "நெருக்கடியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

அதே கஜாவில் நியாயமாகப் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். மரம் அறுக்கிற மெஷினைக் கடன் சொல்லி வாங்கி மாதக்கணக்கில் தோப்பு தோப்பாகச் சுத்தம் செய்து கொடுத்தவர்கள். விழுந்த மரத்தை அப்புறப்படுத்தாமல் அடுத்த கன்று நட முடியாதே. நாற்றங்கால் வைத்திருந்தவர்களில் தென்னங்கன்றை மட்டும் விற்காமல், "இது காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும், அதுவரைக்கும் இடையில் வாழை வைங்க, முருங்கை வைங்க" என்று வாழைக்கட்டையும் சேர்த்து விற்றவருக்கு நல்ல வியாபாரம். தோப்புக்காரருக்கும் அடுப்பு எரிந்தது.

முதலுக்கு வருகிறேன். இதைத்தான் கட்டுரை "வங்கிக் கடன் பெறலாம்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது. முத்ரா கடன் 2015-லிருந்து இருக்கிறது, ஐம்பதாயிரம் வரைக்கும் சிசு என்று ஒரு பிரிவே உண்டு, கேட்டுப் பாருங்கள், நாலு நடை நடந்தால் கிடைக்கிற கிளையும் இருக்கிறது, நாற்பது நடைக்கும் அசையாத கிளையும் இருக்கிறது. நடக்கப் பொறுமையில்லாதவன் போய் விழுகிற இடம் வாரக் குழு, வாரா வாரம் தவணை வசூலிக்கிற கடன் குழு. என் சொந்தக்காரப் பெண் ஒன்று அப்படித்தான் துணி வியாபாரத்துக்கு எடுத்தது. டெல்டாவில் காசு வருவது குறுவை அறுப்புக்கு ஒரு தடவை, சம்பா அறுப்புக்கு ஒரு தடவை. தவணை வருவது வாரா வாரம் திங்கட்கிழமை காலை. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? கடைசியில் சேலைக்கட்டை அடக்கவிலைக்கும் கீழே தள்ளித் தவணை கட்டினது. எங்கள் பக்கம் மொய் விருந்து உண்டு, பேராவூரணி, கீரமங்கலம் பக்கமெல்லாம் ஆடி ஆவணியில் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள், நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை ஒரு வீட்டு முறை வரும். வட்டி கிடையாது, ஆனால் நோட்டில் ஏறினது நோட்டிலிருந்து இறங்காது, வாங்கினதோடு கூடச் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். அந்தப் பணத்தில் கடை போட்டு நிமிர்ந்தவர்கள் இருக்கிறார்கள், போர் போட்டுத் தண்ணீர் வராமல் உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். மந்தத்தில் மொய்யும் மெலிந்துவிடும், அதையும் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் முதல் ஒரு வருடம் கைக்காசுக்கு மேல் போகக் கூடாது, கைக்காசிலும் பாதியை அம்மாவிடம் கொடுத்து வைக்க வேண்டும்.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். டீசர்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற வயசும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கிக் கொடுத்து, "மூணு நாள் என் கடையில உட்காரு. வர்றவங்க என்ன கேக்குறாங்க, எதுக்கு நான் இல்லைன்னு சொல்லி அனுப்புறேன், அதை மட்டும் எழுது" என்றேன். முதல் நாள் முழுக்க செல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் எழுதத் தொடங்கினான். மூன்றாம் நாள் சாயங்காலம் நோட்டை வாங்கிப் பார்த்தேன். மிக்சி ஜார் பிளேடு, டேபிள் பேன், கிரைண்டர் பெல்ட் என்று வழக்கமானதுக்கு நடுவே தையல் மெஷின் மோட்டார் நாலு இடத்தில் இருந்தது. நான் மோட்டாரை மட்டும் பார்ப்பேன், மெஷின் தலையில் கை வைக்க மாட்டேன், தெரியாது. "நூல் அறுக்குது", "தையல் விடுது" என்று வந்த பெண்களை எல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். வருடக்கணக்காக அனுப்பியிருக்கிறேன், எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

அவன் ஓவர்லாக், பிளாட்லாக் என்று எல்லா மெஷினையும் பிரித்துப் போட்டுப் பழகினவன். மெக்கானிக் வரும்வரை காத்திருந்தால் பீஸ் ரேட்டில் காசு போய்விடும் என்று தானே சரிசெய்யக் கற்றுக்கொண்டானாம். நாட்டுச்சாலை, மதுக்கூர், துவரங்குறிச்சி என்று எந்தக் கிராமத்தில் நுழைந்தாலும் திண்ணையிலோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு தையல் மெஷின் தூசி படிந்து கிடக்கும். கல்யாணத்துக்கு வாங்கினது, திட்டத்தில் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வர ஆட்டோ கூலி கொடுக்க முடியாமல் கிடக்கிறது. இவன் எக்ஸெல்லில் ஒரு டூல்ஸ் பை, ஊசி, பாபின், பெல்ட், எண்ணெய் என்று மூவாயிரம் ரூபாய் சாமானோடு கிளம்பினான். மெஷின் சரிசெய்யப் போன வீடுகளில் பள்ளிச் சீருடையைப் பிடித்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள், பேன்ட் மடிப்பை அவிழ்த்து இறக்கித் தரச் சொல்லியிருக்கிறார்கள். புதுச் சீருடை வாங்குவதைத் தள்ளிப்போடுகிற வீடுகள். அதையும் செய்கிறான். ரிப்பேருக்குப் போன வீட்டில் இரண்டு பெண்களுக்கு வேகமாகத் தைக்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறான், பள்ளி திறக்கிற சமயத்தில் வேலை குவிந்தால் அவர்களிடம் பிரித்துக் கொடுக்கலாம் என்று கணக்கு.

பெரிதாகச் சம்பாதிக்கிறான் என்று சொல்ல மாட்டேன். திருப்பூரில் நல்ல வாரத்தில் எடுத்த காசு இன்னும் வரவில்லை. மழைக்காலத்தில் கிராமத்து ரோட்டில் எக்ஸெல் ஓடுமா என்பதும் பார்க்க வேண்டும். எண்பதாயிரத்தில் எழுபதுக்கு மேல் அப்படியே இருக்கிறது. உங்கள் கட்டுரையை இன்னும் டூல்ஸ் பையில்தான் வைத்திருக்கிறான், எண்ணெய்க் கறை பட்டு வாட்ஸ்அப் படம் பாதி அழிந்துவிட்டது.

அந்தத் தொடர் இன்னும் வரும் என்று போட்டிருந்தீர்கள். அடுத்த வாரம் எழுதுகிறவர் எங்கள் பக்கம் வந்தால் கடைத்தெருவில் இரண்டு நாள் உட்காரச் சொல்லுங்கள், டீ நான் வாங்கித் தருகிறேன்.

போன வாரம் பையனிடம் கேட்டேன், திருப்பூரில் ஆர்டர் திரும்ப வந்து கம்பெனியில் கூப்பிட்டால் போய்விடுவாயா என்று. பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "தீபாவளி கழிச்சு சொல்றேன் மாமா" என்றான்.

இப்படிக்கு,
ஒரு காயில் கடைக்காரர்,
பட்டுக்கோட்டை.